‘கரிஷ்மா இல்லை’ என்று சொன்னார்கள்: அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகக் களப்பணியாளராக இருக்கிறேன். தக்காளி, மா, புளி என்று பருவத்துக்குப் பருவம் விவசாயிகளோடுதான் வேலை. போன மாதம் ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு நேர்காணல் நடந்தது. கணக்கு, களம், கடிதப் போக்குவரத்து எல்லாம் சரி என்றவர்கள், கடைசியில் “உங்ககிட்ட கரிஷ்மா இல்லையேம்மா” என்று சொல்லிவிட்டு, சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒருவருக்குப் பதவியைக் கொடுத்தார்கள். அவரை வரவேற்கும் உரையை எழுதி வாசிக்கும் பொறுப்பு எனக்கே வந்திருக்கிறது. அகராதியைப் பார்த்தேன். கவர்ச்சி, வசீகரம் என்று போட்டிருந்தது. ‘கவர்ச்சி மிக்க தலைவர்’ என்று எழுதி வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார், எனக்கு அழுகைதான் வந்தது. இந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன, எங்கிருந்து வந்தது? தமிழில் எப்படிச் சொல்வது? பிறவியிலேயே இருந்தால்தான் உண்டா? கிருஷ்ணகிரியில் ‘30 நாளில் காந்த ஆளுமை’ என்று ஒரு பயிற்சி வகுப்பு நடக்கிறது. 18,000 ரூபாய் கட்டணம். சேரலாமா?
– ஒரு வாசகி, பாலக்கோடு வட்டம்

அன்புள்ள அம்மா,

வரவேற்புரைக்கு நாள் அதிகம் இருக்காது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ‘கவர்ச்சி மிக்க தலைவர்’ என்பதை அடித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. சினிமா இதழ்கள் ‘கவர்ச்சி நடிகை’, ‘கவர்ச்சிப் படம்’ என்று எழுதி எழுதி அந்தச் சொல்லை ஒரே மூலைக்குத் தள்ளிவிட்டன. மண்டபத்தில் நூறு பேர் முன்னால் அதை வாசித்தால் பின்வரிசையில் சிரிப்பு எழும். மைக் முன்னால் நிற்கப்போவது நீங்கள்.

அகராதி வேலையிலேயே வயதைக் கழித்தவன் நான். அதனால் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கவர்தல் என்றால் பறித்துக்கொள்வது. பழம் இருக்கும்போது காயைப் பறித்துத் தின்பதை வள்ளுவர் ‘கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்கிறார். பகைவரின் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வருவதற்கு ஆநிரை கவர்தல் என்று பெயர். உங்கள் மாவட்டத்துக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாகவே பார்க்கலாம். மந்தைக்கு அந்தக் கல்வெட்டுகளில் ‘தொறு’ என்று பெயர். தொறுவைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் இருக்கிறது, தொறுவை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் இருக்கிறது. ஆக, கவர்ச்சி என்ற சொல்லின் அடியில் கிடப்பது அழகு அல்ல. ஒருவரிடம் இருப்பதை இன்னொருவர் கொண்டுபோய்விடுவதுதான். ‘அவர் என் மனதைக் கவர்ந்தார்’ என்றால், என் மனம் இப்போது என்னிடம் இல்லை என்று பொருள்.

வசீகரம் வடமொழியிலிருந்து வந்தது. ‘வச’ என்றால் விருப்பம், ஆதிக்கம். ‘பணம் யார் வசம் இருக்கு’ என்று நாம் கேட்பதும், ‘வசப்படுத்து’ என்பதும் அதே வேர்தான். வசீகரம் என்றால் தன் வசமாக்குதல். மாந்திரீகத்தில் எட்டு வேலைகளைச் சேர்த்து அட்டகருமம் என்பார்கள். மோகனம், தம்பனம், மாரணம் எல்லாம் அடங்கிய அந்த எட்டில் வசியமும் ஒன்று. இன்றைக்கு ‘வசீகரமான புன்னகை’ என்று எழுதும்போது யாரும் மந்திரத்தை நினைப்பதில்லை. சொல் இளகி அழகாகிவிட்டது. வேர் மட்டும் அப்படியே இருக்கிறது: ஒருவர் ஆட்டுவிக்கிறார், மற்றவர் ஆடுகிறார்.

ஈர்ப்பு நல்ல தமிழ்ச் சொல். ஈர்த்தல் என்றால் இழுத்தல். புவியீர்ப்பு என்று பள்ளிப் பாடத்தில் பழகிவிட்டதால் அதில் ஒரு நடுநிலை இருக்கிறது, அசிங்கமும் இல்லை, மந்திரமும் இல்லை. பொதுவான கட்டுரைக்கு ‘மக்களை ஈர்க்கும் ஆற்றல்’ என்று எழுதினால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது காந்தம்தான். உங்கள் பயிற்சி வகுப்புக்காரர்கள் அதைப் பெயரில் வைத்திருக்கிறார்களே, அதன் பொருள் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். காந்தக் கல்லுக்கு வடமொழியில் ‘அயஸ்காந்தம்’ என்று பெயர். அயஸ் என்றால் இரும்பு, காந்த என்றால் விரும்பப்படுவது, அன்புக்குரியது. இரும்பின் காதலன் என்று கல்லுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இழுப்பது கல் என்று நாம் நினைக்கிறோம். பெயர் வைத்தவர்களோ இரும்பின் பக்கம் நின்று பார்த்திருக்கிறார்கள்: இரும்பு விரும்புகிறது, அதனால் போய் ஒட்டுகிறது. தீர்த்தமலைப் பக்கம் காந்த இரும்புத்தாது கிடைக்கிற மண் உங்களுடையது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. இரும்போடு இவ்வளவு காலம் வாழ்ந்த ஊருக்கு இந்தப் பெயரின் அருமை புரியும்.

இனி நேர்காணலில் விழுந்த சொல்லுக்கு வருகிறேன். தமிழில் நாம் சொல்லும் ‘கரிஷ்மா’வில் இரண்டு வேறு சொற்கள் கலந்துகிடக்கின்றன. ஒன்று பாரசீகச் சொல். அங்கே அது கடைக்கண் பார்வை, கண்சாடை என்ற பொருளில் இருந்தது. உருதுவுக்கும் இந்திக்கும் வந்தபோது அற்புதம், அதிசயம் என்று விரிந்தது. கிருஷ்ணகிரியில் உருது பேசும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், அற்புதம் என்றுதான் சொல்வார்கள். பெண் குழந்தைக்கு வைக்கும் பெயர் இதுதான். 2003-ல் ஹீரோ ஹோண்டா விட்ட பைக்கின் பெயரும் நம் இளைஞர் வாயில் இதே ஒலியைப் பதிய வைத்துவிட்டது.

மற்றது கிரேக்கச் சொல். மேலாண்மைப் புத்தகங்களில் வருவது, உங்கள் நேர்காணல் குழு சொல்ல நினைத்தது இதுதான். கிரேக்க உச்சரிப்பு ‘காரிஸ்மா’ என்பதற்கு நெருக்கமானது. ஒலியில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன, வேர் வேறு.

கிரேக்கத்தில் ‘காரிஸ்’ என்றால் அருள், தயவு. பெற்றுக்கொண்டவர் திருப்பிக் காட்டும் நன்றிக்கும் அதே சொல்தான். கொடுப்பவர் மனதிலிருக்கும் கனிவும் வாங்கியவர் மனதிலிருக்கும் நன்றியும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இன்றும் கிரேக்கர்கள் நன்றி சொல்ல ‘எஃப்காரிஸ்தோ’ என்பார்கள், அதற்குள்ளும் இந்தக் காரிஸ் இருக்கிறது. ‘மா’ என்ற ஈறு சேர்ந்தால், ஒரு செயலின் விளைவாகக் கையில் நிற்கும் பொருள் என்று ஆகும். அருளோடு கொடுத்தல் என்ற வினையிலிருந்து, அப்படிக் கொடுக்கப்பட்ட பொருள் என்ற பெயர். காரிஸ்மா என்றால் கொடை. இவ்வளவுதான் அதன் முதல் பொருள். முகமும் இல்லை, குரலும் இல்லை, மேடையும் இல்லை.

அந்தச் சொல்லுக்கு ஆழம் சேர்த்தவர் புனித பவுல். முதல் நூற்றாண்டில் உரோமையருக்கும் கொரிந்தியருக்கும் அவர் எழுதிய கடிதங்களில் அது திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ் விவிலியத்தில் அதைத் தேடிப் பார்த்தால் நம் முன்னோர் செய்த மொழிபெயர்ப்பு கிடைக்கும். சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் ‘கிருபைவரம்’ என்றும் ‘வரங்கள்’ என்றும் இருக்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் ‘அருள்கொடை’. எலத்தகிரி, கோவிலூர் பக்கம் பூசைக்குப் போகிறவர்களுக்கு இது காதில் பழகிய சொல். அருள்கொடை! எவ்வளவு அழகான, எவ்வளவு துல்லியமான தமிழ். அகராதியில் கவர்ச்சி, வசீகரம் என்று மட்டும் படித்துவிட்டு அழுதீர்களே, இந்தச் சொல் அங்கே இருந்திருந்தால் அழுதிருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது.

பவுல் எவற்றையெல்லாம் காரிஸ்மா என்று கணக்கெடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள். குணமாக்குதல், இறைவாக்கு போன்ற வியப்பானவை இருக்கின்றன. கூடவே பிறருக்குத் தொண்டு செய்தல், கற்பித்தல், பகிர்ந்து கொடுத்தல், இரக்கம் காட்டுதல் இவையும் இருக்கின்றன. கொரிந்தியருக்கு எழுதியதில் உதவி செய்வதும் நிர்வகிப்பதும்கூட அந்த வரிசையில் வருகின்றன. ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று. எல்லாம் பொதுநன்மைக்காக. அந்தப் பட்டியலின்படி ‘உங்களுக்கு இல்லை’ என்று யாரையும் பார்த்துச் சொல்ல முடியாது. ‘உங்களுக்கு எது’ என்றுதான் கேட்க முடியும்.

பிறகு நெடுங்காலம் அது சமயவாதிகளின் சொல்லாகவே இருந்தது. ஜெர்மானியத் திருச்சபை வரலாற்றறிஞர் ருடால்ஃப் சோம் அதை ஆராய்ந்து எழுதியதிலிருந்து எடுத்து, சமூகவியலுக்குக் கொண்டுவந்தவர் மாக்ஸ் வெபர் (1864–1920). வெபரின் கேள்வி எளிமையானது: ஒருவர் சொல்வதை மற்றவர்கள் ஏன் கேட்கிறார்கள்? மூன்று காரணம் சொன்னார். நம் ஊர் வழக்கில் சொல்கிறேன். ஊர்க்கவுண்டர் சொன்னால் கேட்கிறார்கள், ஏனென்றால் அவர் அப்பா காலத்திலும் அப்படித்தான். தாசில்தார் சொன்னால் கேட்கிறார்கள், ஏனென்றால் சட்டமும் ஆணையும் அந்த நாற்காலிக்கு அதிகாரம் தந்திருக்கின்றன. மூன்றாவது ஒருவர் இருக்கிறார். அவருக்கு மரபும் இல்லை, நாற்காலியும் இல்லை. இவரிடம் ஏதோ அரிய அருள் இருக்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள், அதனால் பின்னால் போகிறார்கள். இந்த மூன்றாவதற்குத்தான் வெபர் காரிஸ்மா என்று பெயர் வைத்தார்.

இதில் இரண்டு விஷயம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். முதலாவது, அந்த அருள் தலைவரின் உடம்புக்குள் இருக்கிறதா என்று வெபர் அளக்கவே இல்லை. பின்பற்றுகிறவர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது என்றார். அவர்களுக்கு நன்மை வருவது நின்றுபோனால் அந்த ஒளியும் போய்விடும். அப்படியானால் உங்களிடம் அது இருக்கிறதா, இல்லையா என்று சொல்லக்கூடியவர்கள் யார்? மேசைக்கு அந்தப் பக்கம் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல. மழைக்கும் வெயிலுக்கும் நீங்கள் போய் நின்ற வயல்காரர்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். விதிப்படி நடக்கும் பதவியை இந்த அருளுக்கு நேர் எதிரான இடத்தில் வைத்தார் வெபர். உங்களுடையது நிறுவனச் சட்டப்படி பதிவானது. இயக்குநர் குழு, தணிக்கை, ஆண்டுப் பொதுக்கூட்டம் எல்லாம் விதிதான். அதன் ஒருங்கிணைப்பாளரைத் தகுதி, அனுபவம், வேலைத் திறன் இவற்றை வைத்து எடைபோட வேண்டும். அங்கே போய்க் காரிஸ்மா இருக்கிறதா என்று கேட்டது, நெல்லை அளக்க வேண்டிய இடத்தில் துணி அளக்கும் கோலை எடுத்தது போல. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. அளவுகோல் தவறு என்று அந்தச் சொல்லின் வரலாறே காட்டுகிறது.

ஆங்கில நாளிதழ்களில் அது பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1960-களில் அமெரிக்க அதிபர் கென்னடியைப் பற்றி எழுதியவர்கள் வாயில் அது புகுந்து, மெல்ல நல்ல தோற்றம், நல்ல பேச்சு, கூட்டத்தைச் சேர்க்கும் திறமை என்று கரைந்தது. அங்கிருந்து வேலைக்கு ஆள் எடுக்கும் அறை வரைக்கும் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இப்படி வழிமாறிய சொற்கள் ஏராளம். சினிமாக்காரர்கள் சொல்லும் ‘கிளாமர்’, இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. படிப்பறிவே மந்திரம் என்று எளியவர்கள் நம்பிய காலத்தில் ஸ்காட்லாந்துக்காரர் வாயில் அது மாயவித்தையாகி, பிறகு மயக்கும் அழகானது.

பிறவியிலேயே வருவதா என்று கேட்டிருக்கிறீர்கள். குரல், உயரம், முகவெட்டு பிறவியில் வருபவை, அவற்றுக்கு ஒரு பங்கு இருக்கிறது, மறைப்பதில் பயன் இல்லை. ஆனால் அது சிறு பங்கு. உங்கள் பக்கத்து ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி முழங்கும் மேடைப் பேச்சுக்குப் பேர்போனவர் அல்லர். 1930-ல் உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு அவர் நடந்தபோது அடிக்குப் பயப்படாமல் தொண்டர்கள் கூடவே நடந்தார்கள்.

பேச்சின் பகுதியைக் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அந்தோனாகிசும் உடன் பணியாற்றியவர்களும் 2011-ல் வெளியிட்டார்கள். மேலாளர்களுக்குச் சில உத்திகளைச் சொல்லிக்கொடுத்தார்கள்: உவமை சொல்வது, கதை சொல்வது, எதிரெதிரானவற்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவது, கேள்வி கேட்டு நிறுத்துவது, மூன்று மூன்றாக அடுக்குவது, குரலையும் முகத்தையும் பேச்சோடு ஓடவிடுவது. பயிற்சிக்குப் பிறகு அவர்களைப் பார்த்தவர்கள் முன்பைவிட ஈர்ப்பு கூடியிருப்பதாக மதிப்பிட்டார்கள். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த உத்திகளில் ஒன்றுகூடப் புதிதில்லை. அடுத்த உழவர் கூட்டத்தில் இரண்டை முயன்று பாருங்கள். உவமையையும் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள், விவசாயிகளுக்கு அவைதான் ஒட்டும். தெரிந்த ஒருவரைக் கைபேசியில் பதிவு செய்யச் சொல்லி இரவில் கேளுங்கள். நாலு கூட்டத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் ‘காந்த ஆளுமை’க்கு 18,000 ரூபாய் கட்டாதீர்கள். மனிதனுக்குள் காந்தம் ஓடுகிறது என்ற பேச்சுக்கு 200 ஆண்டுக்கு மேற்பட்ட கதை உண்டு. ஃபிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர் வியன்னாவிலும் பிறகு பாரிசிலும் ‘உயிர்க்காந்தம்’ என்ற கண்ணுக்குத் தெரியாத பாய்பொருளால் நோய் தீர்ப்பதாகச் சொன்னார். ‘மெஸ்மரிசம் போட்ட மாதிரி’ என்று நாம் சொல்வது அவர் பெயரைத்தான். 1784-ல் பிரெஞ்சு மன்னர் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்ளின், வேதியியல் மேதை லவாய்சியே இருவரும் அதில் இருந்தார்கள். ஃபிராங்ளின் வீட்டுத் தோட்டத்தில் மெஸ்மரின் சீடர் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றினார். 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப்போனார்கள். காந்தம் ஏற்றாத வேறொரு மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான். பாய்பொருள் என்று எதுவும் இல்லை, நம்பிக்கையும் கற்பனையும்தான் வேலை செய்கின்றன என்று குழு எழுதியது. மேடையில் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கட்டணம் நியாயமாக இருந்தால் யோசிக்கலாம். காந்தம் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம்.

இவ்வளவும் வெளியூர்க் கதை. இந்தச் சொல்லை யோசிக்கும்போதெல்லாம் நான் திரும்பிப் போகிற இடம் உங்கள் ஊர்தான். தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர் இருந்த காலத்து அதியமான் நெடுமான் அஞ்சி. நெல்லிக்கனிக் கதையைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். புறநானூற்றின் 101-ஆம் பாட்டில் ஔவையார் அவனைப் பற்றிச் சொல்லும் மூன்று வரியைப் பாருங்கள்:

‘ஒருநாள் செல்லலம் இருநாள் செல்லலம்
பன்னாள் பயின்று பலரொடு செல்லினும்
தலைநாள் போன்ற விருப்பினன் மாதோ’

ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, பல நாள் திரும்பத் திரும்ப, அதுவும் ஒரு கும்பலையே கூட்டிக்கொண்டு போனாலும், முதல் நாள் வரவேற்ற அதே விருப்பத்தோடு வரவேற்கிறான். ஈர்ப்பு என்று எதைச் சொல்கிறோமோ அது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் மார்பின் அகலத்தை ஔவை இங்கே பாடவில்லை. பத்தாவது முறை வாசலில் நிற்பவரைப் பார்த்து அவன் முகம் சுளிக்கவில்லை என்று பாடுகிறார். 94-ஆம் பாட்டில் ஓர் உவமை: ஊர்ச் சிறுவர்கள் தந்தத்தைத் தேய்த்துக் கழுவட்டும் என்று நீர்த்துறையில் படுத்துக்கிடக்கும் பெரிய களிறு. தன் ஆட்களுக்கு அவன் அப்படி. பகைவருக்கு அதே யானையின் மதம்.

அவனிடமும் ஒரு நாள் இது தவறியது. பெருஞ்சித்திரனார் என்ற புலவர் குன்றும் மலையும் தாண்டி வந்தார். அதியமான் அவரைப் பார்க்காமலே பரிசைக் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்கவில்லை. ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்றார். பார்க்காமல் கொடுத்த பொருளை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை, அன்போடு என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்பது 208-ஆம் பாட்டு. பரிசு பெரிதாகத்தான் இருந்திருக்கும். பார்வை இல்லை. அதனால் அது கொடையாகவே ஆகவில்லை.

திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-ல் கண்டுபிடித்த தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று ‘அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி’ என்று சொல்கிறது. அவன் கொடுத்த குகை. அவன் வென்ற போர் அதில் இல்லை. புலவர் மறுத்தபோது சொன்ன அதே ‘ஈத்த’தான் கல்லிலும் இருக்கிறது. கிரேக்கத்தில் கொடை என்று தொடங்கிய சொல்லுக்கும் தகடூரில் கொடையால் பெயர் நின்றவனுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் ஒரு மனிதனிடம் மற்றவர்களை இழுப்பது எது என்று கேட்டால், இரண்டு இடத்திலிருந்தும் ஒரே பதில் வருகிறது. அவரிடமிருந்து மற்றவருக்குப் போவது எதுவோ அது.

உங்கள் கடிதத்தில் ‘விவசாயிகளோடுதான் வேலை’ என்று ஒரே வரியில் ஆறு ஆண்டைக் கடந்துவிட்டீர்கள். அந்த ஆறு ஆண்டில் தக்காளி விலை விழுந்து ஏரோட்டி அழித்த நாளில் யார் வீட்டுக்குப் போனீர்கள், மண்டியில் யாருக்காகப் பேசினீர்கள், இரவு பத்து மணிக்கு யார் போனை எடுத்தீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த நேர்காணலில் அவற்றைச் சொல்லுங்கள். பெயர், நாள், மூட்டைக் கணக்கோடு சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

நேர்காணல் குழுவிடம் மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். ‘கரிஷ்மா’ என்ற சொல்லை அதில் எழுத வேண்டாம். கூட்டத்தில் பேசுவதில் குறையா, கொள்முதல்காரர்களிடம் விலை பேசுவதில் குறையா, இயக்குநர் குழுவில் கருத்தை நிலைநிறுத்துவதில் குறையா, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். வரும் பதில் கசப்பாக இருக்கலாம், அதில் உண்மையும் இருக்கலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இல்லாத ஒளியைத் தேடி அலைவதைவிட, இருக்கிற குறையைத் தெரிந்துகொண்டு திருத்துவது எளிது.

வரவேற்புரையில் அந்த நண்பருக்கு அடைமொழி எதுவும் வேண்டாம். எட்டு மாதத்தில் அவர் செய்த நல்ல காரியம் ஒன்றாவது நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்லி, ‘உறுப்பினர்கள் அனைவரின் சார்பிலும் வரவேற்கிறேன்’ என்று முடியுங்கள். நன்றாகப் பேசக்கூடியவர் என்றால், ‘கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்’ என்ற குறளைச் சேர்க்கலாம். கேட்டவரைக் கட்டிப்போடும், கேட்காதவரையும் கேட்க ஏங்கவைக்கும் பேச்சு. பிணித்தல் என்றால் கட்டுதல். கவர்ச்சியை மறந்துவிட்டு இதை வாசித்தால் மண்டபம் தலையாட்டும்.

எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். அகராதிக்காரர்கள் கவர்ச்சி, வசீகரம் என்று எழுதிக்கொண்டிருக்கும்போது, நம் ஜனங்கள் இதற்கு வேறு சொற்கள் வைத்திருக்கிறார்கள். காலையில் ஒருவர் வந்து போணி செய்தால் அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடக்கும், ‘அவருக்கு முகராசி’ என்பார்கள். விதை போடக் கூப்பிடும் ஆளுக்குக் கைராசி. ‘நல்ல ஜனவசியம்’ என்பதும் உண்டு. முகத்தில் ‘களை’ இருக்கிறது என்கிறோம். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களும் கிட்டத்தட்ட அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். பாலக்கோடு, மாரண்டஅள்ளிப் பக்கத்து வயதான பெண்கள் இன்னும் என்னென்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். பத்துப் பேர் ஒரு வேலைக்குத் தேடி வந்து கூப்பிடும் ஆளை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? களத்துக்குப் போகும்போது கேட்டு, எந்த ஊர், என்ன சந்தர்ப்பம் என்று குறித்து அனுப்புங்கள்.

அன்புடன்.